வாத்தியத்தில் பதிந்த பல்

"யாரு இதைக் கடிச்சது?"

நான் கூடப் போன அன்றைக்கு ஷெரில் டீச்சர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கையில் என் மகள் பவானியின் சாக்ஸபோனிலிருந்து கழட்டின வாய்ப்பக்கம். கறுப்பாக, வாத்து மூக்கு மாதிரி இருக்கும். மவுத்பீஸ்னு அதற்குப் பேர். ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாங்க. மேல்புறத்தில் ரெண்டு பள்ளம். நகம் வைத்தால் உட்காரும், அவ்வளவு ஆழம்.

பெரம்பூரில் ஒரு ஓட்டு வீட்டின் முன் அறை அது. ஒரு பியானோ. அதன் மேல் ஏசுநாதர் படம், பக்கத்தில் ஒரு பெரியவர் சாக்ஸபோனைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். உள்ளே யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை. நான் பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகச் சாய்ந்தால் என் புடவையில் இருக்கிற ஏரி வாசனை நாற்காலிக்கு ஏறிவிடுமோனு பயம்.

"நான் இல்ல டீச்சர்"னு பவானி பட்டென்று சொன்னாள். "எனக்கு முன்னாடி ஊதினாரே மாஸ்டரு, அவரு கடிச்சது."

என் வாய் சும்மா இருக்குமா? "இன்னாடி சொல்ற? மாஸ்டருக்குத்தான் பல்லே கெடையாதே!"

டீச்சர் பியானோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாங்க. பவானி என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நான் ரயிலேறி ஊருக்கே வந்திருக்கலாம்.

சிரித்து முடித்ததும் டீச்சர் முகம் மாறிப்போச்சு. அவங்களுக்கு முப்பது வயசு தாண்டியிருந்தால் அதிகம். ஆனால் வாத்தியத்தைப் பற்றிப் பேசும்போது ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி ஆயிடுவாங்க.

"பல்லு இதும்மேல சும்மா உக்காரணும் ஆன்டி. பைக்ல பின்னாடி உக்கார்றவங்க ஓட்டறவங்க தோள்ல கை வைப்பாங்கல்ல, அவ்ளோதான். இவ தோளைப் புடிச்சுத் தொங்கறா. அதான் மேல் சத்தம் கீச்சுனு போவுது, அடி சத்தம் வரவே மாட்டேங்குது."

பவானியை ஊதச் சொன்னாங்க. இருக்கிறதிலேயே கீழே இருக்கிற சத்தம். அவள் கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு இருமல் வந்தது, அவ்வளவுதான்.

டீச்சர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, வெல்வெட் துணியில் சுற்றின இன்னொரு மவுத்பீஸை எடுத்தாங்க. "எங்கப்பாவோடது. அத்தனை வருசம் ஊதினாரு, ஒரு பல்லுத் தடம் கெடையாது, பாருங்க." அதன் மேல் ஒரு சின்ன ரப்பர் துண்டை ஒட்டி பவானி கையில் கொடுத்தாங்க. "மார்கழியில ஒரு மேடை இருக்கு. நாங்க மூணு பேரு வாசிக்கிறோம். நாலாவதா சாக்ஸபோன் வேணும். நீ வா. அன்னிக்குப் புது ரப்பர் ஒட்டித் தரேன். வாசிச்சு முடிச்சதும் அதைப் பாப்பேன். பல்லு பதியலன்னா நீ எங்க கூட்டத்துல நிரந்தரமா நாலாவது ஆளு. பதிஞ்சிருந்தா, பெங்களூர்ல ஒருத்தர் கேட்டுக்கினே இருக்காரு, அவரைக் கூப்பிட்டுக்குவேன். கோச்சுக்காத."

பவானி தலையாட்டினாள். ஏன் கடிக்கிறோம்னு அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அங்கேயே புரிந்துபோச்சு.

ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

ரெண்டு கையும் சேற்றில்

எங்க தொழிலைப் பற்றி இந்தத் தொடரில் முன் வாரங்களில் அங்கங்கே சொல்லியிருக்கேன். இப்போ கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் சங்கதி புரியும்.

பழவேற்காடு ஏரியில் ஆம்பளைங்க படகு, வலைனு போவாங்க. நாங்கள் கையாலேயே இறால் பிடிக்கிறவங்க. எங்க பொம்பளைங்களுக்கு வலை கிடையாது, தூண்டில் கிடையாது. ஆழம் இல்லாத இடமாகப் பார்த்து, தண்ணிக்குள் குந்தின வாக்கில் கழுத்து வரைக்கும் இறங்கி, ரெண்டு உள்ளங்கையையும் சேற்றில் பரப்பி வைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டே போவோம். துழாவக் கூடாது. கையை வைத்துவிட்டு இருக்கணும். இறால் தானாக உள்ளங்கைக்கு அடியில் வந்து சிலிர்க்கும். அப்போ மெதுவாக மூடணும்.

பிடித்த இறாலை எங்கே போடுவது? பனை ஓலையில் முடைந்த பறினு ஒன்று இருக்கிறது, ஒரு சின்னக் கூடை. ரெண்டு கையும் சேற்றில் இருக்கிறதால் பறியை வாயில் கவ்விக்கொள்வோம். விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்தால் கூடை தாடைக்குக் கீழே தொங்கும். அலை வந்தாலும் விடக் கூடாது. பல்லை விட்டால் பறி போச்சு, பறி போனால் காலையிலிருந்து பட்ட பாடு போச்சு.

என் அம்மா அப்படித்தான். அவங்க அம்மாவும் அப்படித்தான். என் முன்பல்லில் ஓலை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. அது பிறவியில் வந்தது கிடையாது, தேய்ந்தது.

பவானி ஒன்பது வயசிலிருந்து லீவு நாளில் என்கூட இறங்கினவள். முதல் நாளே சேற்றில் கெளுத்தி முள் குத்தி விரல் வீங்கிப்போச்சு. அழுதாள். ஆனால் வாயைத் திறக்காமல் அழுதாள். பறி அசையவில்லை. கரையேறினதும் நான் அவளைக் கட்டிப்பிடித்து, "எம்மாடி, பல்லை விடலியே நீ!"னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பல்தான் பெரம்பூரில் வந்து நின்றது.

அன்றைக்கே டீச்சரிடம் ஏன் சொல்லவில்லைனு கேட்பீங்க. அந்த வெல்வெட் துணியைப் பார்த்தேன். பிறகு சேற்றில் உட்கார்ந்து கூடையைக் கவ்வுகிற என்னை நினைத்துப் பார்த்தேன். சொல்ல நாக்கு எழவில்லை.

மாஸ்டரின் கடைசிப் பல்

பல்லே இல்லாத மாஸ்டர் யாருனு சொல்லாமல் போனால் அவர் கோபித்துக்கொள்வார்.

என் வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகாத நாளில் பொன்னேரியில் ஒரு பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கப் போவார். அந்தச் செட்டுக்குத் தலைவர் முனுசாமி மாஸ்டர். சிவப்புக் கோட்டு, தங்கக் கலர் பொத்தான். சாக்ஸபோன் அவர் கையில்தான் இருக்கும். நன்றாக ஊதுவார், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவங்க எல்லாம் எட்டிப் பார்ப்பாங்க. ஆனால் வெத்தலையும் புகையிலையும் சேர்ந்து அவர் பல்லை ஒவ்வொன்றாகக் காலி பண்ணிக்கொண்டே வந்தது.

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் பாதித் தெருவில் வரும்போது கடைசி முன்பல் ஆடிப்போச்சு. மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார். டிரம் மட்டும் டம் டம்னு போகிறது, பாட்டைக் காணோம்.

அவள் நைனாவோடு, அதான் என் வீட்டுக்காரரோடு, போயிருந்த பவானிக்கு அப்போ பதிமூணு வயசு இருக்கும். மாஸ்டர் ஊதுகிறதை வாரா வாரம் பார்த்து, எந்த விரல் எங்கே போகுதுனு மனசில் வைத்திருந்திருக்கிறாள். பழகுகிற இடத்தில் வாத்தியத்தைத் துடைத்துத் தருகிறேன்னு வாங்கி, திருட்டுத்தனமாக ஊதியும் பார்த்திருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் கழுத்திலிருந்து பட்டையைக் கழட்டித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஊத ஆரம்பித்துவிட்டாள்.

ஊர்வலத்தில் ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பாட்டுக்கு நடந்தார், ஆடுகிறவங்க பாட்டுக்கு ஆடினாங்க. ஆள் மாறினதே யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

"என் வாத்தியத்தை ஒரு பொட்டப் புள்ள ஊதறதா?"னு மாஸ்டர் ரெண்டு நாள் முறைத்தார். மூணாம் நாள் அவரே எங்க வீட்டு வாசலில் வந்து நின்றார். "கன்னியம்மா, உம் பொண்ணை அடுத்த முகூர்த்தத்துக்கு அனுப்பு. கோட்டை மட்டும் சின்னதாப் புடிச்சுக் குடுத்துடு."

அதுக்கப்புறம் ஏழெட்டு வருசம். கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாத்துக்கும் போனாள். பள்ளிக்கூடம் முடித்துப் பொன்னேரியில் காலேஜும் படித்தாள். காலையில் ஏரி, பகலில் காலேஜ், சாயங்காலம் ஊர்வலம். வீட்டில் ஊதினால் தெருநாய் எல்லாம் கூடவே ஊளையிடும். அவள் நைனா, "பாத்தியா, இப்பவே பின்பாட்டுக்கு ஆளு சேந்துடுச்சு"ம்பார்.

ஊர்வலத்தில் பல்லைக் கடித்து ஊதினால் தப்பே இல்லை. தெருவில் வண்டிச் சத்தம், வெடிச் சத்தம், டிரம் சத்தம். அதுக்கு மேல் கேட்கணும்னா கீச்சுனு இருந்தால்தான் நல்லது. அதனால் அவள் கடிக்கிறாள்னு யாருக்கும் தெரியவில்லை.

ஜாஸ்னா இன்னா?

மெட்ராசில் ஒரு பெரிய மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையை வாசல் வரைக்கும் அழைத்து வந்துவிட்டால் எங்க செட்டு வேலை முடிந்தது. எல்லாரும் சாப்பிடப் போனாங்க. பவானியைக் காணோம்னு அவள் நைனா தேடினால், மண்டபத்துக்குள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோட்டோடு நிற்கிறாள். மேடையில் மூணு பேர். ஒரு பொண்ணு பியானோ, ஒருத்தர் ஆள் உயரத்துக்கு ஒரு பிடில், ஒருத்தர் டிரம்.

"சாப்ட வாடி"ன்னிருக்கிறார்.

"நைனா, அந்தப் பாட்டு எங்க போச்சு பாத்தியா?"

"எந்தப் பாட்டு?"

"முதல்ல ஒண்ணு வாசிச்சாங்கல்ல, அது. அந்தக்கா அதை எங்கயோ இட்டுக்கினு போயிட்டாங்க. திரும்ப வருவாங்களானு பாத்துக்கினு இருக்கேன்."

திரும்ப வந்தாங்களாம். வந்தபோது இவளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டதாம். அன்றைக்குச் சாப்பிடாமலே வந்தாள். வாசிப்பு முடிந்து அந்தப் பொண்ணு இறங்கினதும் நேராகப் போய், "அக்கா, இதுக்குப் பேரு இன்னா?"னு கேட்டிருக்கிறாள். அந்தப் பொண்ணுதான் ஷெரில் டீச்சர். "இது ஜாஸ். நீ கையில வச்சிருக்கியே, அதுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு. ஞாயித்துக்கிழமை பெரம்பூர் வா"ன்னாங்களாம்.

வாரா வாரம் போக ஆரம்பித்தாள். பொன்னேரியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறிப் போகணும். ரெண்டாவது வாரமே, போகிற இடம் எப்படி இருக்குனு பார்க்க நானும் கிளம்பினேன். மேலே சொன்ன பல் சமாச்சாரம் அந்த வாரம்தான் நடந்தது.

ஜாஸ்னா என்னனு எனக்கும் கொஞ்சம் விளங்கினது. சொல்றேன், தப்பாக இருந்தால் படித்தவங்க மன்னிக்கணும்.

ஏரியில் வலை கட்ட முறை வைத்திருக்கிறாங்க. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்குனு குலுக்கிப் போட்டு எடுப்பாங்க. முறை வந்தவர் வலையைப் போட்டுவிட்டால் மற்றவங்க அந்தப் பக்கம் போகக் கூடாது. அதுக்காக வீட்டில் தூங்கவும் மாட்டாங்க. கரையில் இருந்து காத்து எப்படி வருது, தண்ணி எப்படி ஓடுதுனு பார்த்துக்கொண்டே இருப்பாங்க. ஜாஸும் அதுதான். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பாட்டில் இறங்குவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை. முறை வந்தவர் அவருக்குத் தோன்றுகிறதை வாசிப்பார். முந்தாநாள் வாசித்தது இன்றைக்கு வராது. மற்றவங்க கரையைப் பார்த்துக்கொள்வாங்க. கடைசியில் எல்லாரும் சேர்ந்து பழைய பாட்டிலேயே கரையேறுவாங்க.

இதைப் பிற்பாடு டீச்சரிடம் சொன்னபோது அவங்க ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாங்க. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

ரப்பரில் பள்ளம்

சரி, பல்லுக்கு வருவோம்.

டீச்சர் அப்பாவோட மவுத்பீஸ் எங்க வீட்டுக்கு வந்ததிலிருந்து தினம் காலையில் அதை எடுத்து, ரப்பர் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பேன். எனக்குக் கண் கிட்டத்தில் தெரியாது. ஆனால் விரல் பொய் சொல்லாது. சேற்றுக்குள்ளே கல் எது, சிப்பி எது, இறால் எதுனு ஐம்பது வருசமாகப் பார்த்த விரல்.

அஞ்சாம் நாள் விரல் தடுக்கினது. ரெண்டு பள்ளம். ரப்பர் கிழிகிற மாதிரி இருந்தது. இன்னும் ரெண்டு நாள் போனால் பல் உள்ளே இறங்கிவிடும்.

அது மழைக்காலம். முகத்துவாரம் திறந்து, வாடைக்காத்தோடு இறால் உள்ளே வருகிற காலம். தினம் விடிந்ததும் ரெண்டு பேரும் ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தோம். காலையில் நாலு மணி நேரம் பல்லைக் கடிக்கிற பொண்ணு, மதியம் எப்படிப் பல்லைத் தளர்த்துவாள்?

"பறியைக் கவ்வற பல்லுதான்டி இதையும் கடிக்குது. நாளைலேந்து ஏரிக்கு வராத"ன்னேன்.

"நீ தனியா எறங்குவியா?"

"எறங்குவேன். இன்னா இப்போ?"

"போன வருசம் காலு இழுத்துக்கினு முழுகப் பாத்தியே, அப்ப யாரு இழுத்துப் போட்டது?"

குதிகால் நரம்பு சுருட்டிக்கொண்டு, பறியை விடாமல் நான் தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தலைமுடியைப் பிடித்து இழுத்தவள் அவள்தான்.

"அப்டின்னா மேடை?"னு கேட்டேன்.

"பெங்களூர்காரரே ஊதட்டும்மா. எனக்கு வரணும்னா மாஸ்டரு மாதிரி எல்லாப் பல்லையும் புடுங்கிப் போட்டாதான் வரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மவுத்பீஸை வெல்வெட் துணியில் சுற்றி, திருப்பிக் கொடுக்கிறதுக்குப் பையில் வைத்துவிட்டாள். அப்புறம் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஒரே சட்டியைத் தேய்த்தாள்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் நான் ரயிலேறினேன். தூக்கில் வெள்ளை இறால்.

பெரம்பூரில் ஒரு ரொட்டிக் கூடை

"ஆன்டி! பவானி எங்க?"

"வரல. நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா புரியாது, காட்டணும்."

சாப்பாட்டு மேசை மேல் ரொட்டி வைக்கிற பிரம்புக் கூடை இருந்தது. ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு, "எறா புடிக்கிறப்போ எங்க பறியை இப்டித்தான்"னு சொல்லி, அந்தக் கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்வினேன். அப்படியே தரையில் குந்தி, ரெண்டு கையையும் சிமெண்டுத் தரையில் பரப்பி, நகர்ந்து நகர்ந்து பியானோ வரைக்கும் போனேன்.

டீச்சர் முதலில் சிரித்தாங்க. பாதியில் சிரிப்பு நின்றுபோச்சு. அவங்களும் என்கூடத் தரையில் உட்கார்ந்துவிட்டாங்க.

"எத்தினி வயசுலேந்து?"

கூடையை எடுத்துவிட்டுச் சொன்னேன். "ஒம்போது. நான்தான் கத்துக் குடுத்தேன். விடாதே விடாதேனு நான்தான் சொன்னேன்."

"ஏன் ஆன்டி அன்னிக்கே சொல்லல?"

"சேத்துல எறங்கறவங்கனு இந்த ஊட்ல தெரியவேணாம்னு நெனச்சேன்."

டீச்சர் எழுந்து, சாக்ஸபோனோடு இருக்கிற அவங்க அப்பா படத்தை எடுத்து என் கையில் கொடுத்தாங்க. "கையைப் பாருங்க. கரி இன்ஜின்ல கரி அள்ளிப் போட்டவரு. ஞாயித்துக்கிழமை சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் இதைத் தொடுவாரு. அப்பவும் நகத்துல கறுப்பு போவாது."

கண்ணுக்குத் தெரியவில்லை எனக்கு. ஆனாலும் பார்த்தேன்னு சொன்னேன்.

பிறகு அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டாங்க. "பறியை வாயில இல்லாம வேற எங்கயாவது மாட்டிக்க முடியாதா?"

எங்க ஊரில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கும் தோன்றினதே இல்லை.

ரெண்டு புது ரப்பர் கொடுத்து அனுப்பினாங்க. கூடவே ஒரு வேலையும் சொன்னாங்க: தினம் தாடையைத் தொங்கவிட்டு, தொண்டையைத் திறந்து, எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே 'ஓ'னு முனகணுமாம்.

திரும்பி வருகிற ரயிலில் ஒரு சுண்டல்காரம்மா ஏறினாங்க. தட்டை ஒரு துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாங்க. ரெண்டு கையும் சும்மா இருக்கிறது, பொட்டலம் மடிக்கிறாங்க, கொடுக்கிறாங்க. நான் அவங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். "சுண்டல் வேணுமா, சும்மா பாக்கறியா?"னு கேட்டாங்க. வாங்கிச் சாப்பிட்டேன். அனுப்பம்பட்டு தாண்டுகிறதுக்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

கழுத்தில் பறி

பழைய புடவைக் கரையைக் கிழித்து ரெண்டு பறிக்கும் கட்டினேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் மட்டும் கட்டினால் ஊரு அவளை மட்டும் கேலி பண்ணும், அதுக்காக.

ஏரிக்கரையில் நாகம்மா நின்றுகொண்டிருந்தாள். என் வயசுக்காரி, என்கூட இறங்குகிறவள், அவள் வாயில் விழாதவங்க ஊரிலேயே கிடையாது. எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா கன்னியம்மா, ரயில்ல சுண்டல் விக்கப் போறியா?"

"ஆமாடி, உனக்கு ரெண்டு பொட்டலம் எடுத்து வெக்கறேன்."

முதல் நாள் நாகம்மா பக்கம்தான் ஜெயித்தது. தண்ணிக்குள் போனதும் பறி மிதந்து சாய்ந்து, பிடித்த இறாலில் பாதி வந்த வழியே போச்சு. ரெண்டாம் நாள் பறி வாயில் கிழிந்த வலைத் துண்டை வைத்துத் தைத்தேன். கை உள்ளே போகும், இறால் வெளியே வராது. மூணாம் நாள் பறி சாயாமல் நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அத்தனை வருசமாக நான் ஏரிக்குள் ஒரு வார்த்தை பேசினது இல்லை. வாயில் பறி இருக்கும்போது எப்படிப் பேசுவது? இப்போ நாலு மணி நேரமும் நானும் என் பொண்ணும் பேசிக்கொண்டே போனோம். அவள் காலேஜில் பட்ட அவமானம், எந்தப் பாட்டு ஏன் பிடிக்கும், ஊர்வலத்தில் குடித்துவிட்டு வம்பு பண்ணினவனை அவள் நைனா டிரம் கோலால் தட்டினது, எல்லாம் அந்தத் தண்ணிக்குள்தான் எனக்குத் தெரிந்தது.

பேச்சு தீர்ந்தால் டீச்சர் சொன்ன மாதிரி முனகுவாள். தாடையைத் தளரவிட்டு, தண்ணி உதட்டைத் தொடுகிற மட்டத்தில், 'ஓ'னு. ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் கீழே கீழே போச்சு. தண்ணிக்குள் இருக்கிற என் நெஞ்சில் வந்து தட்டினது.

"எருமை கன்னு போடுதா இன்னா?"னு நாகம்மா வாயில் பறியோடு குழறினாள். கேலி பண்ணுகிற அவசரத்தில் பல்லை விட்டுவிட்டாள். பறி போச்சு! பவானிதான் நீந்திப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மறுவாரம் நாகம்மா கழுத்திலும் புடவைக் கரை.

அந்த மேடை

மார்கழியில் ஒரு சாயங்காலம். மெட்ராசில் ஒரு சின்ன அரங்கம். நானும் வீட்டுக்காரரும் முதல் வரிசை. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, முழங்காலில் விரலால் டிரம் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை கையைப் பிடித்து அடக்கினேன். கால் ஆட ஆரம்பித்தது.

பவானி நீலப் புடவை. சிவப்புக் கோட்டு இல்லாமல் அவள் வாத்தியத்தோடு நின்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வேகமான பாட்டு ரெண்டு போச்சு, நன்றாக இருந்தது. ஆனால் எல்லாரும் பயந்தது மூணாவதுக்குத்தான். மெதுவான பாட்டு, முழுக்க அடி சத்தம்.

நாலு பேரும் சேர்ந்து ஆரம்பித்தாங்க. டீச்சர் தன் முறையை வாசித்து முடித்து, பவானியைப் பார்த்துத் தலையசைத்தாங்க. அவள் முறை.

அவள் ஊதவில்லை.

பெரிய பிடில் மட்டும் நடக்கிறது. டிரம்காரர் கம்பிக்குச்சியால் தோலைச் சும்மா தடவுகிறார். இவள் மவுத்பீஸை வாயில் வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

"மறந்துட்டாளா?"னு வீட்டுக்காரர் என் காதில் கேட்டார்.

"சும்மா இருங்க"ன்னேன். "கை வச்சிருக்கா."

அவருக்குப் புரியவில்லை. அவர் வலை போடுகிற ஆள். எனக்குப் புரிந்தது. சேற்றில் உள்ளங்கையைப் பரப்பி வைத்துவிட்டுத் துழாவாமல் இருப்போமே, அந்த இருப்பு. அவள் முகத்தில் தாடை தொங்கினது, தோள் இறங்கினது, தண்ணி மட்டத்தில் இருக்கிற முகம்.

அப்புறம் அது வந்தது.

காதில் கேட்கிறதுக்கு முன்னாடி உள்ளங்காலில் கேட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற படகு இன்ஜின் தண்ணிக்கு அடியில் காது வைத்தால் எப்படி வரும், அந்த மாதிரி. ஒரே ஒரு சத்தம். அதை அவசரப்படாமல் மூடிப் பிடித்து, அடுத்ததுக்கு நகர்ந்தாள். எவ்வளவு நேரம் வாசித்தாள்னு எனக்குத் தெரியாது. நடுவில் டீச்சர் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. என் வீட்டுக்காரர் கால் ஆடுவது நின்றுபோயிருந்தது.

இன்றைக்குப் பவானி அந்த நாலு பேரில் ஒருத்தியாக எந்தெந்த ஊருக்கோ போகிறாள். பெங்களூரிலும் வாசித்தாள். அந்தப் பெங்களூர்காரரே வந்து கேட்டுக் கைகொடுத்தாராம். ரெண்டு நாளுக்கு ஒரு தடவை போன் பண்ணி, "யம்மா, தனியா எறங்கலியே? நாகம்மா பெரிம்மா கூட வர்றாங்களா?"னு கேட்கிறாள். ஆனால் எனக்கு அன்றைக்கு நடந்ததுதான் பெரிசு.

கைதட்டல் அடங்கி, ஜனங்க கலைந்த பிறகு டீச்சரும் அவளும் மேடையிலிருந்து இறங்கி வந்தாங்க. பவானிக்கு உதடு வெளுத்திருந்தது. டீச்சர் சாக்ஸபோனிலிருந்து மவுத்பீஸைக் கழட்டினாங்க. அவங்க பார்க்கவில்லை. என் கையில் வைத்தாங்க.

"நீங்க பாத்துச் சொல்லுங்க ஆன்டி."

சூடாக இருந்தது, ஈரமாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரலை ரப்பரின் இந்த முனையில் வைத்து அந்த முனை வரைக்கும் ஓட்டினேன். மறுபடியும் குறுக்கே ஓட்டினேன். சேற்றில் தேடுகிற மாதிரி, ஒரு இடம் விடாமல் தேடினேன்.

ஒன்றும் தட்டுப்படவில்லை.

என் ஆயுசில் கை தேடி ஒன்றும் கிடைக்காமல் நான் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.